கிளிநொச்சியில் ஓட்ட ஒரு பழைய கார்: பெற்றோலா, டீசலா?

கரைச்சி ஆசிரியர் (கிளிநொச்சி)

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சி நகரத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் குடியிருக்கிறேன். நான் கற்பிக்கும் பாடசாலை வீட்டிலிருந்து 9 கிலோமீற்றர். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று ஐந்து பேர் கொண்ட எங்கள் குடும்பம் இதுவரை ஒரு மோட்டார் சைக்கிளை நம்பியே இருந்தது. அம்மாவுக்கு இப்போது முழங்கால் மடங்குவதில்லை. மாதத்துக்கு ஒருமுறை அவரை யாழ் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். மனைவியின் பெற்றோர் வவுனியாவில் இருப்பதால் அங்கும் மாதத்துக்கு ஒரு பயணம் உண்டு. ஒவ்வொரு முறையும் வாடகைக்கு வாகனம் பிடிப்பது கட்டுப்படியாகவில்லை. ஆகவே சேமிப்பையும் சீட்டுக் காசையும் சேர்த்து ஒரு பழைய கார் வாங்கத் தீர்மானித்திருக்கிறோம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையில் ஏறிய விலை எங்கள் கைக்கு எட்டும் அளவுக்கு இறங்கவில்லை. எங்களிடமுள்ள பணத்துக்கு இருபத்தைந்து வயதைத் தாண்டிய கார்தான் கிடைக்கும். அப்படி இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டுமே ரொயோட்டா கொரோலா 110. ஒன்று ஏஇ110, 1498 சிசி கொண்ட 5ஏ பெற்றோல் எஞ்சின். மற்றது சிஇ110, 1974 சிசி கொண்ட 2சி டீசல் எஞ்சின். உடலும் இருக்கையும் ஒன்று, எஞ்சின்தான் வேறு. டீசல் காருக்கு நான்கு இலட்சம் ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள்.

மாமா டீசலைத்தான் வாங்க வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறார். பாடசாலையில் உடன் கற்பிக்கும் நண்பர் பெற்றோல் என்கிறார். வன்னியில் ஓட்டுபவர்கள், உங்கள் பாவனை எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்து ஆலோசனை சொன்னால் பேருதவியாக இருக்கும்.


ஒட்டுசுட்டான் கமக்காரன் (முல்லைத்தீவு)

தம்பி, உங்கள் மாமா சும்மா பிடிவாதம் பிடிக்கவில்லை. 1990 இல் பொருளாதாரத் தடை வந்ததிலிருந்து 2002 இல் ஏ9 பாதை திறக்கப்படும் வரையில், வன்னியில் எரிபொருளுக்காக நாங்கள் பட்ட பாடு உங்கள் வயதினருக்குச் சிறுபிள்ளைப் பருவத்து நினைவாகத்தான் இருக்கும். பெற்றோலில் ஓட வேண்டிய மோட்டார் சைக்கிள்களையும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சிறு போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பின்னால் வருபவருக்குக் கண் எரியும். பிளக்கைக் கழற்றித் துடைக்காமல் முறிகண்டியைத் தாண்டிய நாட்கள் குறைவு. அந்தக் காலத்தைக் கடந்தவர்களுக்கு, தீப்பொறி பிளக்கே தேவைப்படாத டீசல் எஞ்சின் மீது ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. எனக்கும் அப்படித்தான்.

நான் பதினைந்து ஆண்டுகளாக 2சி எஞ்சின் பூட்டிய ஒரு கொரோலா வேகன் வைத்திருக்கிறேன். விதை நெல், உர மூட்டை, களையெடுக்க வருபவர்கள் எல்லாம் அதில்தான். மழை காலத்தில் வயல் பாதையின் சேற்றில் முதலாவது கியரில் மெதுவாக விட்டால், ஆக்சிலேற்றரை மிதிக்காமலே அது ஊர்ந்து ஏறிவிடும். பெற்றோல் கார் அந்த இடத்தில் உறுமும், சில்லு சுற்றும், பிறகு நின்றுவிடும். உழவு இயந்திரத்துக்காக வீட்டில் எப்போதும் ஒரு பீப்பாய் டீசல் இருப்பதால் காருக்கென்று செற்றுக்கு (எரிபொருள் நிலையத்துக்கு) போகும் வேலையும் இல்லை. என்னைக் கேட்டால் டீசல்தான்.


மல்லாவித் தாதி (துணுக்காய்)

ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் ஆசிரியர் காரில் ஏற்றப்போவது உர மூட்டை அல்ல, முழங்கால் வலியுள்ள அம்மா என்பதையும் பார்க்க வேண்டும்.

நான் ஏழு ஆண்டுகளாக ஒரு சிறிய பெற்றோல் காரை ஓட்டுகிறேன். இரவுக் கடமைக்குப் போவதும் வருவதும் தனியாகத்தான். அதற்கு முன்பு அண்ணாவின் பழைய டீசல் காரை ஓட்டியிருக்கிறேன். கார் நிற்கும்போது எஞ்சினின் அதிர்வு இருக்கை வழியாக இடுப்பு வரைக்கும் ஏறும். நோயுள்ளவர்களுக்கு ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்வதற்குள் அது பெரிய அலுப்பாகிவிடும். காலையில், ஆறிய டீசல் எஞ்சினைச் சூடாக்கி எழுப்பும் ஹீற்றர் பிளக் ஒன்று வேலை செய்யாவிட்டால் முற்றம் முழுவதும் வெள்ளைப் புகை நிற்கும். எங்கள் வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்ததால் அண்ணா அந்தக் காரையே விற்றுவிட்டார்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டையும் மறந்துவிடக்கூடாது. அந்த ஆண்டு யூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் அட்டை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்றுதான் தொடங்கினார்கள். பெற்றோல் காரும் டீசல் காரும் ஒரே கணக்குத்தான். அந்த 20 லீற்றரில் டீசல் கார் கூடுதல் தூரம் ஓடியது உண்மை. ஆனால் அறுவடை இயந்திரத்துக்கு டீசல் இல்லாமல் கமக்காரர்கள் கலன்களோடு செற்றில் காத்துக் கிடந்தபோது, அதே வரிசையில் கார் வைத்திருந்தவர்களும் நின்றார்கள். விளைந்த நெல் வயலில் கிடக்க, நாம் காருக்கு டீசல் அடிப்பது மனதுக்கு ஒப்பாத காரியமாக இருந்தது என்று அண்ணா இன்றும் சொல்வார்.


வவுனியா கராஜ் (வவுனியா)

மாஸ்ரர், இருபத்து மூன்று ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இரண்டு எஞ்சின்களையும் பலமுறை கழற்றிப் பூட்டியிருக்கிறேன். எந்தப் பக்கமும் சாயாமல் எழுதப் பார்க்கிறேன்.

டீசல் சிக்கனம் என்பது பொய்யல்ல. ஒரு லீற்றர் டீசலில் அடங்கியுள்ள சக்தி ஒரு லீற்றர் பெற்றோலில் உள்ளதைவிடப் பத்து வீதத்துக்கு மேல் அதிகம். அதோடு, பெற்றோல் எஞ்சின் காற்றைச் சுமார் பத்து மடங்கு அமுக்கித் தீப்பொறியால் எரிக்கிறது. 2சி போன்ற பழைய டீசல் எஞ்சின் இருபது மடங்குக்கு மேல் அமுக்கி, அந்தச் சூட்டிலேயே எரிக்கிறது. சிக்கனம் அந்த அமுக்கத்தில்தான் பிறக்கிறது, செலவும் அங்கேதான் பிறக்கிறது. அந்த அழுத்தத்தைத் தாங்க எஞ்சின் கனமாக இருக்க வேண்டும். டீசலை அளந்து விசிற நுட்பமான பம்பும் நொசில்களும் வேண்டும். கனமான எஞ்சின் முன் அச்சில் இருப்பதால், கிரவல் பாதையில் ஓடும் டீசல் காரின் முன் சொக் அப்சோபரும் (அதிர்வு தாங்கி), சில்லு மூட்டான போல் ஜொயின்றும் பெற்றோல் காருக்கு முன்பே தேய்ந்துபோகும். மல்லாவிப் பக்கமிருந்தும் நெடுங்கேணிப் பக்கமிருந்தும் வரும் கார்களில் இதை நான் வழமையாகவே காண்கிறேன்.

2சி எஞ்சினின் பெரிய பலம் அதன் எளிமை. மின்னணுச் சிக்கல் குறைவு, பம்பு இயந்திர முறையில் இயங்குவது, நல்ல கையில் இருந்தால் பல இலட்சம் கிலோமீற்றர் ஓடும். அதன் பெரிய பலவீனம் சூடு. தண்ணீர் குறைந்து ஒருமுறை கொதித்துவிட்டால் எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு விழும். பங்குனி, சித்திரை வெயிலில் ஏசி போட்டு, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஏ9 இல் போகும்போது அந்த எஞ்சினுக்குக் குளிர்ச்சி கொடுப்பது ரேடியேற்றர் ஒன்றுதான். சென்ற வாரம் ஒரு காரின் முன்பக்கத்தைக் கழற்றினேன். ஏசி வாயுவைக் குளிர்விக்கும் கொண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையிலுள்ள இரண்டு விரல் இடைவெளியில் செம்மண்ணும் வைக்கோல் தூசியும் அப்பி, சுவருக்குப் பூசிய சாந்துபோல் இறுகியிருந்தது. முன்னாலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உரிமையாளர் மூன்று முறை தெர்மோஸ்ராற் (எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) மாற்றியிருக்கிறார், அந்த இடத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

இன்னொரு விடயம் டைமிங் பெல்ற், வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்து இயங்க வைக்கும் பட்டி. உங்கள் இரண்டு கார்களுக்கும் அது உண்டு, ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பெற்றோல் 5ஏ எஞ்சினில் பெல்ற் அறுந்தால் பெரும்பாலும் கார் நடுவழியில் நிற்பதோடு முடிந்துவிடும். டீசலில் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். பிறகு ஹெட்டைக் கழற்றாமல் வழியில்லை.

இனி, 9 கிலோமீற்றர் பாடசாலைப் பயணத்துக்கு வருவோம். 2சி ஒரு கனமான எஞ்சின் என்பதால் சரியான சூட்டுக்கு வர நேரம் எடுக்கும். அது சூடேறி, சிக்கனமாக எரியத் தொடங்கும்போது நீங்கள் பாடசாலை வாசலில் நிற்பீர்கள். அதனால் எஞ்சின் உடனே கெட்டுவிடாது. ஆனால் டீசலுக்கென்று நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்தின் பலன் அந்தப் பயணத்தில் பாதிகூடக் கிடைக்காது.

யாராவது இதைவிடப் புதிய டீசல் காரைக் காட்டினால் இன்னும் கவனமாக இருங்கள். கொமன் ரெயில் எஞ்சின்களில் டீசல் வளிமண்டலத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் மிக நுண்ணிய துளைகள் வழியே விசிறப்படுகிறது. செற்றில் விற்கும் சாதாரண ஒட்டோ டீசலில் சுப்பர் டீசலைவிடக் கந்தகம் அதிகம், பீப்பாய் டீசலில் தண்ணீரும் தூசியும் அதிகம். இரண்டையும் அந்த இன்ஜெக்ரர்கள் பொறுக்காது. புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி பொருத்திய கார் என்றால், அந்தக் கரி எரிந்து தீர்வதற்குச் சூடான எஞ்சினோடு பதினைந்து, இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். கிராமத்துக்கும் பாடசாலைக்கும் இடையில் மட்டும் ஓடினால் அது அடைத்துக்கொள்ளும்.


புதுக்குடியிருப்பு வான் (முல்லைத்தீவு)

நான் டீசல் வானில் பிழைப்பவன், ஆகவே டீசலைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஆயினும் ஆசிரியருக்கு நான் பெற்றோலைத்தான் சொல்வேன்.

என்னுடைய ஓட்டம் வேறு. முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வழியாக யாழ்ப்பாணம், அல்லது மாங்குளம் வழியாக வவுனியா, சில மாதங்களில் கொழும்பு என்று மாதத்துக்கு 3,000 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடுகிறேன். காலையில் எழுப்பினால் எஞ்சின் மாலை வரை ஆறாது. அப்படி ஓடும் வாகனத்துக்கு டீசல் ஒவ்வொரு நாளும் பணம் மிச்சம் பிடித்துக் கொடுக்கும். பம்பு வேலை வந்தால், அந்த மிச்சத்திலிருந்து செய்யலாம். நாளுக்கு 18 கிலோமீற்றர் ஓடும் காருக்கும் அதே பம்பு வேலை, அதே செலவுதான் வரும். ஆனால் அதைச் செய்ய எடுத்துவைத்த மிச்சம் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. முன்பு டீசல் விலைக்கும் பெற்றோல் விலைக்கும் இடையில் நல்ல தூரம் இருந்தது. 2022 தொடக்கத்தில் 92 ஒக்ரேன் பெற்றோல் 177 ரூபாய், ஒட்டோ டீசல் 121 ரூபாய். அதே ஆண்டு யூன் 26 ஆம் திகதி பெற்றோல் 470, டீசல் 460 என்று வந்து நின்றது. ஒரு லீற்றருக்குப் பத்து ரூபாய்தான் வித்தியாசம். அதன் பிறகு விலை இறங்கியபோதும் பழைய இடைவெளி திரும்பி வரவில்லை. 2025 யூலையில் பெற்றோல் 305, டீசல் 289. டீசல் மலிவு என்ற பேச்சு மட்டும் பழைய விலையிலேயே நின்றுவிட்டது.


துணுக்காய் இளைஞன்

பெற்றோல், டீசல் என்று ஏன் அலைகிறீர்கள்? பெற்றோலோடு பற்றரியிலும் ஓடும் ஹைபிரிட் கார் ஒன்று எடுத்தால் இரண்டைவிடவும் சிக்கனம் அல்லவா?


வவுனியா கராஜ்

சிக்கனம்தான் தம்பி, ஆனால் மாஸ்ரரின் பணத்துக்கு வரும் ஹைபிரிட் கார், உயர் அழுத்தப் பற்றரியின் ஆயுள் முடியும் தறுவாயில்தான் இருக்கும். அந்தப் பற்றரியைக் குளிரூட்டும் காற்று பின் இருக்கையின் ஓரத்திலுள்ள துவாரம் வழியாகப் போகிறது. எங்கள் புழுதியில் அந்த விசிறி அடைத்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றித் துப்புரவு செய்யாமல் ஓட்டினால் பற்றரி வெந்துவிடும். அதைப் பற்றித் தனியாக எழுதலாம், இங்கே கேள்வி இரண்டு கொரோலாக்களைப் பற்றியது.


கரைச்சி ஆசிரியர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு கணக்குக் கொப்பியை எடுத்து உட்கார்ந்தேன்.

பாடசாலைக்கு நாளுக்கு 18 கிலோமீற்றர் என்று 20 நாளுக்கு 360. யாழ்ப்பாணம் போய்வர சுமார் 130, வவுனியா போய்வர சுமார் 160. கடை, கோயில் என்று ஒரு 50. ஆக மாதத்துக்கு 700 கிலோமீற்றர். இந்த இரண்டு கார்களையும் வைத்திருப்பவர்களிடம் விசாரித்ததில், ஊர் ஓட்டமும் தூர ஓட்டமும் கலந்து பெற்றோல் கார் லீற்றருக்கு 11, டீசல் கார் 14 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம் எனத் தோன்றியது.

2025 யூலை விலையில் பார்த்தால், பெற்றோலுக்கு மாதம் ஏறத்தாழ 19,400 ரூபாய், டீசலுக்கு 14,450 ரூபாய். மிச்சம் 5,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஆண்டுக்கு 60,000 என்று வைத்தாலும், டீசல் காருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் நான்கு இலட்சத்தை மீட்க ஆறரை ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். அதற்குள் அந்தக் காருக்கு முப்பத்தைந்து வயது ஆகிவிடும். இதே கணக்கை மாதம் 2,000 கிலோமீற்றருக்குப் போட்டேன். மிச்சம் மாதத்துக்கு 14,000 ரூபாயைத் தாண்டுகிறது, நான்கு இலட்சம் இரண்டரை ஆண்டுக்குள் திரும்பிவிடும். வான் வைத்திருக்கும் அண்ணா சொன்னதன் பொருள் எனக்கு அந்த இரண்டு வரிகளில்தான் விளங்கியது.

மாமா சொல்லும் பழைய விலையிலும் பார்த்துவிடுவோம் என்று 2022 தொடக்கத்து விலையைப் போட்டேன். வந்த விடை என்னை வியக்க வைத்தது. அன்று பெற்றோலுக்கு 11,260, டீசலுக்கு 6,050, மிச்சம் 5,200 ரூபாய். அதாவது ரூபாய்க் கணக்கில் அன்றைய மிச்சமும் இன்றைய மிச்சமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மாறியது அந்த ஐயாயிரத்தின் பெறுமதி. அன்று டொலர் சுமார் 200 ரூபாய், 2025 யூலையில் சுமார் 300 ரூபாய். பம்பும் நொசிலும் பெல்ற்றும் டொலர் விலையில் வருபவை. அன்று டீசல் காரின் மிச்சத்தால் சமாளிக்க முடிந்த திருத்த வேலையை இன்று அதே மிச்சத்தால் சமாளிக்க முடியாது. இதை மாமாவுக்குக் காட்டினேன். அவர் கொப்பியை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்தார், இரண்டு இடங்களில் தானே மீண்டும் பெருக்கிப் பார்த்தார். பிறகு, அப்படியென்றால் பெற்றோல் காரை முதலில் பார் என்றார்.

ஆனாலும் இரண்டையும் நேரில் பார்க்காமல் முடிவெடுக்க விரும்பவில்லை. கெட்டுப்போன பெற்றோல் காரைவிட நல்ல டீசல் கார் மேலாக இருக்கும் அல்லவா? பார்க்கப் போகும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?


வவுனியா கராஜ்

சரியான கேள்வி. எஞ்சின் வகையைவிடக் காரின் நிலைதான் பெரிது. போகும்போது உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள், விற்பவரின் மெக்கானிக்கை நம்பிப் போக வேண்டாம்.

காலையில், முன்கூட்டிச் சொல்லாத நேரத்தில் போங்கள். போனதும் பேச்சுக் கொடுப்பதற்கு முன்னே பொனற்றின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன் எஞ்சினை எழுப்பி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். டீசல் எஞ்சினின் உண்மை முகம் ஆறியிருக்கும்போது அது எழும் விதத்தில்தான் தெரியும். நல்ல எஞ்சின் ஹீற்றர் விளக்கு அணைந்ததும் ஒரே சுற்றில் எழும்பும். நெடுநேரம் சுற்றி, வெண்புகை விட்டு, நொண்டி நொண்டி எழுந்தால், ஹீற்றர் பிளக்காகவும் இருக்கலாம், அமுக்கம் குறைந்த எஞ்சினாகவும் இருக்கலாம். முதலாவது சிறிய செலவு, இரண்டாவது பெரிய செலவு.

எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேற்றர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு எழுப்பச் சொல்லுங்கள். தண்ணீரில் தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட் அல்லது அதன் அடியிலுள்ள கசிவுத் தடுப்பான கஸ்கெற் போயிருக்கிறது. சூடான எஞ்சினில் அந்த மூடியைத் தொடவே வேண்டாம், கொதிநீர் முகத்தில் அடிக்கும். அடுத்து ஒயில் மூடியைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் ஒயிலுக்குள் தண்ணீர் கலக்கிறது, மேற்கொண்டு விலை பேச வேண்டாம். எஞ்சின் ஓடும்போது அதே துவாரத்தில் மூச்சு விட்டதுபோல் புகை தள்ளினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. ஓட்டிப் பார்க்கும்போது கரும்புகை வந்தால் காற்று பில்ரரையோ பம்பையோ சந்தேகியுங்கள். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. இது பெற்றோல் காருக்கும் பொருந்தும்.

டீசல் காரில் இன்னொன்று. பெற்றோல் காராக வந்து, பிற்பாடு டீசல் எஞ்சின் மாற்றிய கார்கள் நம் பகுதியில் ஓடுகின்றன. பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் எஞ்சினில் பொறித்த இலக்கத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று தூசியைத் துடைத்துப் பாருங்கள். புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் கேளுங்கள்.


ஒட்டுசுட்டான் கமக்காரன்

தம்பி, பீப்பாய் டீசலைப் பற்றி நான் மேலே எழுதியதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டது பிழை. இந்தக் கராஜ் தம்பி எழுதியதைப் படித்த பிறகு அதைச் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

2018 மார்கழி வெள்ளத்தின்போது எங்கள் கொட்டிலுக்குள் தண்ணீர் ஏறியது. பீப்பாய் கவிழவில்லை, மூடி இறுக்கமாக இருந்தது என்று நம்பி, அதிலிருந்தே காருக்கும் ஊற்றினேன். இரண்டு வாரத்தில் கார் இழுக்க மறுத்தது. பம்பைக் கழற்றியபோது உள்ளே துரு. திருத்த வேலைக்கு ஒரு போகத்து நெல் விற்ற காசில் பெரும்பகுதி போனது. அதன் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பீப்பாயின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து, இரவு முழுவதும் அசையாமல் வைப்பேன். காலையில் பார்த்தால் தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக, கோடு போட்டதுபோல் நிற்கும். அப்படி நின்றால் மேல் டீசலை மட்டும் உழவு இயந்திரத்துக்கு எடுப்பேன், காருக்கு எடுப்பதில்லை. பில்ரரின் அடியிலுள்ள வடிகால் திருகையும் மாதத்துக்கு ஒருமுறை திறந்து விடுகிறேன்.

என்னுடைய வயல் வேலைக்கு இன்றைக்கும் டீசல்தான் சரி. உங்களுக்கு வயலும் இல்லை, பீப்பாயும் இல்லை. ஆசிரியர் வேலைக்குப் பெற்றோலே போதும் என்று இப்போது எனக்கும் படுகிறது.


கரைச்சி ஆசிரியர்

சனிக்கிழமை மாமாவையும் அவருக்குப் பழக்கமான மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டு இரண்டு கார்களையும் பார்த்து வந்தேன்.

டீசல் கார் வவுனியாவுக்கு அப்பால் இருந்தது. காலை ஏழு மணிக்குள் போய்விட்டோம். மாமாதான் முதலில் பொனற்றின் மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. கேட்டபோது, பால் வாங்கப் போய் வந்தோம் என்றார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆறும் வரைக்கும் இருந்து பார்க்கிறோம் என்று சொல்லி, பக்கத்துக் கடையில் தேநீர் குடித்து, இரண்டு மணித்தியாலம் கழித்துத் திரும்பினோம். எழுப்பினார்கள். மூன்று முறை சுற்றி எழுந்தது, வெண்புகை மதில் உயரத்துக்கு நின்றது. ஒயில் மூடியின் துவாரத்தில் மெக்கானிக் ஒரு கடதாசித் துண்டைப் பிடித்தார், அது படபடவென்று மேலே தூக்கி அடித்தது. மாமா ஒன்றும் பேசவில்லை, நாங்கள் வந்த வாகனத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

பெற்றோல் கார் பரந்தனில், ஓய்வுபெற்ற ஒருவருடையது. கூரையில் வர்ணம் மங்கியிருந்தது, பின் கதவொன்றின் கண்ணாடி இறங்கவில்லை, ஏசி வாயு போதாது. எஞ்சின் ஆறியபடியே இருந்தது, திறப்பைத் திருப்பியதும் எழுந்தது. குமிழி இல்லை, பசை இல்லை. பதிவுச் சான்றிதழில் இலக்கங்கள் ஒத்துப்போயின. அம்மாவையும் கூட்டிப் போயிருந்தோம். அவர் பின் இருக்கையில் காலை நீட்டி அமர்ந்திருக்க, நாங்கள் ஆனையிறவு வரை ஓட்டிப் பார்த்து வந்தபோது, எஞ்சின் நின்றுவிட்டதா என்று ஒருமுறை கேட்டார். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

முற்பணம் கொடுத்துவிட்டோம். வேலை செய்த பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் உரிமையாளர் ஒரு கோப்பில் வைத்திருக்கிறார், ஆனால் டைமிங் பெல்ற் மாற்றியதற்கான சீட்டு மட்டும் அதில் இல்லை. கிலோமீற்றர் மானியில் 1,87,000 காட்டுகிறது. அம்மாவின் அடுத்த கிளினிக் பதினேழு நாளில் வருகிறது. அதற்குள் பெல்ற் வேலையைச் செய்துவிட வேண்டுமா, அல்லது போய் வந்து செய்யலாமா?


வவுனியா கராஜ்

போவதற்கு முன்பே செய்துவிடுங்கள் மாஸ்ரர். சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வால்வு வளையாவிட்டாலும், பளைக்கும் கொடிகாமத்துக்கும் இடையில் வெயிலில் அம்மாவோடு நிற்க வேண்டி வரும். பெல்ற்றை மாற்றும்போதே பெல்ற்றை இறுக்கிப் பிடிக்கும் ரென்சனர், வோட்டர் பம்பு, முன் ஒயில் சீல் மூன்றையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். அதே இடத்தைத் திறக்கும் கூலி ஒருமுறைதான் ஆகும். ரேடியேற்றருக்கு முன்னால் உள்ள கொண்டென்சரையும் அன்றைக்கே இறக்கி இரண்டுக்கும் நடுவில் துப்புரவு செய்யட்டும். ஏசிக்கு வாயு அடிப்பதை அதன் பிறகு வையுங்கள், கொண்டென்சரை இறக்கினால் இப்போதுள்ள வாயுவும் போய்விடும்.